விபத்தும் தலையெழுத்தும்

தோட்டத்தில் ஒருவன்மேல் செம்பனைக் குலை விழுந்து முதுகெலும்பு முறிந்தால், நம் மக்கள் 'தலையெழுத்து' என்கின்றனர். நிர்வாகத்தார் 'அஜாக்கிரதை' என்கின்றனர். முன்னது வீட்டு வாசலில் பேசப்படுவது. பின்னது ஆப்பீஸில் எழுதப்படுவது. இவ்விரண்டும் வெவ்வேறு என்று எண்ணுவது பேதைமை. அடிபட்டவனையன்றி வேறெவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே இரண்டின் பயனுமாம்.

கெலாங் பாத்தா வட்டாரத்தில் தோட்டக் கணக்கெழுதும் கிராணிமாராகிய நாம் ஒன்று கேட்கின்றோம். இருபது கிலோ எடையுள்ள குலை தலைக்குமேல் தொங்குகையில், அதனை வெட்டுவோன் ஏன் விலகி நிற்கவில்லை? மழையில் வழுக்கும் மேட்டில் காலூன்ற இடமில்லை. வெட்டிய எடைக்கே கூலி என்பதால் நிதானிக்க நேரமில்லை. நேற்று வங்காளதேசத்திலிருந்து வந்தவனாயின், அவன் பாஷையில் கற்பிக்க ஆளில்லை. தலைக்கவசம் கேட்டால் ஸ்டோரில் இல்லை. இத்தனை 'இல்லை'களையும் மறைத்துவிட்டு, அவனிடம் ஜாக்கிரதை இல்லை என்று மட்டும் எழுதுவது எந்த நியாயம்?

இங்கிலீஷ் படித்த கனவான்கள் இதற்கும் சாஸ்திரம் காட்டுவர். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகஸ்தரான ஹைன்ரிச் என்பார் 1931-ல் ஒரு நூல் வெளியிட்டு, நூற்றுக்கு 88 விபத்துக்களுக்குத் தொழிலாளியின் தவறான செய்கையே காரணமென்றார். அவர் ஆராய்ந்தவை எவை? இன்ஷூரன்ஸ் தஸ்தாவேஜுகளும் ஆலைக்காரரின் பதிவேடுகளுமே. ஒரு கட்சியின் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைக்கும் நீதிபதியை நாம் மதிப்போமா?

தலையெழுத்தை நம்புவோர் சுங்கை பூலோவை நினைத்துப் பார்க்கட்டும். 1991 மே 7-ஆம் நாள் அங்கிருந்த பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றிலுமிருந்த வீடுகளும் சிதைந்தன. இருபத்தாறு தலைகளிலும் ஒரே நாளைக் குறித்து வைத்தவன் பிரம்மனா? வெடிமருந்துத் தொழிலைக் குடியிருப்புகளுக்கருகே நடத்தச் சொன்னவனும் அவன்தானா? மனிதர் செய்ததை மனிதரால் தடுத்திருக்க முடியும் என்பதன்றோ அதன் பாடம்!

சட்டமும் இதனையே கூறுகின்றது. 1994-ல் வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அபாயமற்ற வேலையிடத்தை அமைக்கும் கடமையை முதலாளிமேல் வைத்தது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்புக் குழு இருத்தல் வேண்டும் என்றது. 2024 ஜூன் முதல் நடப்பிலுள்ள திருத்தம், கடமை தவறிய முதலாளிக்கான அபராத உச்சத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. உடனடி அபாயத்தைத் தெரிவித்தும் முதலாளி அதனை நீக்காவிடில், அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்கு அளித்தது. ஆனால், 'எல்லாம் அவன் செயல்' என்று கைகட்டி நிற்போனுக்கு எந்தச் சட்டம் என்ன செய்யும்?

விபத்து ஒருவனோடு முடிவதன்று. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் அதுவும் போகும். பிள்ளையின் படிப்பு நிற்கும். மனைவி கடன்காரனிடம் நிற்பாள். சொக்சோ பணம் எவரும் இடும் பிச்சையன்று, 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. வேலையில் பட்ட அடியை, 'வீட்டில் விழுந்தேன்' என்று சொல்லச் சொல்பவன் அவ்வுரிமையைத் திருடுகின்றான்.

ஆதலின் தோழர்களே! அடிபட்ட அன்றே எழுதி வையுங்கள். சாட்சி சொல்ல அஞ்சாதீர்கள். மயிரிழையில் தப்பியதையும் தெரிவியுங்கள். இன்று தப்பிய இடத்தில்தான் நாளை ஒருவன் மாள்வான். பாதுகாப்புக் குழுவில் உங்கள் ஆள் யாரென்று கேளுங்கள். தலையில் எழுதியிருப்பதைத் தேடியது போதும். தலைக்குக் கவசம் கேளுங்கள்!