கதைக்கு யார் பட்டா தருவது?

என் மேஜைமேல் 'ஸ்டார் வார்ஸ்' சித்திரக் கதை ஒன்று கிடந்ததைப் பார்த்துவிட்டு, இலக்கிய நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "விளம்பர நோட்டீஸை அட்டை போட்டு வைத்துப் படிப்பார்களா, ஸார்?" என்றார். அப்போது வாயில் வராத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

விளம்பரம்தான், நான் மறுக்கவில்லை. 1977 மே மாதம் படம் வெளிவருமுன்பே மார்வல் கம்பெனியார் முதல் இதழைக் கடைக்கு அனுப்பி விட்டார்கள். ராய் தாமஸ் எழுதினார். ஹோவர்ட் சேக்கின் வரைந்தார். ஆறே இதழில் படத்தின் கதை தீர்ந்து போயிற்று. பத்திரிகையோ நன்றாக விற்கிறது. என்ன செய்வார்கள், பாவம்! சொந்தமாகக் கதை கட்டினார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை முயலைக்கூடத் துப்பாக்கியும் கையுமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்கு அந்த முயலின் மேல் கோபம் இல்லை. தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான்; பத்திரிகை ஆபீஸிலிருந்து டெலிபோன் மணி அடிக்கும்போது எத்தனை பச்சை முயல்களை அவிழ்த்து விட்டிருக்கிறேன் என்பது எனக்கல்லவா தெரியும்?

ஆனால் அதே பத்திரிகையில்தான் வாலன்ஸும் வந்தான். கூலிக்கு ஆள் பிடிக்கிறவன். பாதி உடம்பு இயந்திரம். அதை மறைத்துக் கொண்டு, இயந்திர மனிதர்களையெல்லாம் கண்மூடித்தனமாக வெறுக்கிறவன். லூக் ஸ்கைவாக்கருக்கும் அவனுடைய இயந்திரத் தோழனுக்கும் இடையே இருக்கும் பாசத்தைக் கண்ட பிறகு அவனால் லூக்கைக் கொல்ல முடியவில்லை. 1979-ல் ஆர்ச்சி குட்வின் எழுதிய ஓர் இதழில், கோட்டையைத் தகர்த்த பையனின் பெயர் என்ன என்று டார்த் வேடர் தேடிக் கொண்டு வருகிறான். அந்தப் பெயர் அவன் காதில் விழக் கூடாது என்பதற்காக வாலன்ஸ் அவனோடு போராடிச் சாகிறான். லூக் வேடருடைய மகன் என்பதை உலகத்துக்குச் சொன்னது 1980-ல் வந்த அடுத்த படம். அது தெரிந்த பிறகு இந்த இதழைப் படித்துப் பாருங்கள். தகப்பன் காதுக்கு மகன் பெயர் எட்டாதபடி ஒருவன் உயிரை விடுகிறான்! நோட்டீஸில் இதெல்லாம் வராது.

2012-ல் டிஸ்னி நிறுவனம் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து லூகாஸ்பிலிமை வாங்கிற்று. 2014 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது. படங்களும் ஒரு தொலைக்காட்சித் தொடரும்தான் நிலைத்து நிற்கும் சரித்திரம். இதுவரை வந்த நாவல்களும் சித்திரக் கதைகளும் இனிமேல் வெறும் 'பழங்கதை'. வாலன்ஸின் சாவும் அந்தக் கணக்கில் போயிற்று. புதுப் படம் எடுப்பவரின் கையைப் பழைய கதைகள் கட்டிப் போடக் கூடாது என்கிறார்கள். நியாயம்தான், எழுதுகிறவனுக்குச் சுதந்திரம் வேண்டும். அதற்காக முன்னவன் எழுதியதற்குத் தண்டோரா போட்டுப் பட்டாவை ரத்து செய்வானேன்? ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கினான் என்கிறார் வால்மீகி. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்கிறார் கம்பர். கம்பர் ஒன்றும் வால்மீகியைத் தள்ளி வைத்துச் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

அறிவித்தவர்களாவது சொன்ன சொல்லில் நின்றார்களா? செத்த சக்கரவர்த்தி பல்பட்டீன் வேறோர் உடம்பில் திரும்பி வருவதாக டார்க் ஹார்ஸ் கம்பெனியார் 1991-லேயே சித்திரக் கதை போட்டார்கள். அதுவும் 2014-ல் தள்ளுபடியான சரக்கு. 2019-ல் வந்த படத்தில் அதே சக்கரவர்த்தி மறுபடி எழுந்து வந்து உட்கார்ந்து கொண்டார்! வாலன்ஸையும் 2018-ல் புதிய சித்திரக் கதைகளுக்கு அழைத்துக் கொண்டார்கள். பரணில் போட்ட பெட்டியைத் தாங்களே ராத்திரியில் இறக்கித் துழாவுகிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2015-ல் ஜேஸன் ஆரன் எழுத, ஜான் கஸாடே வரைந்த புதிய வரிசையில் வேடர் மகன் பெயரை அறிகிற கட்டம் திரும்பவும் வருகிறது. ஏவி விட்ட ஆள் வந்து 'ஸ்கைவாக்கர்' என்கிறான். வேடர் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரேயிருக்கும் கண்ணாடி விரிசல் விடுகிறது. அபாரம்! இரண்டு நாள் அந்தப் பக்கம் என் கண்ணிலேயே நின்றது. அதனால் வாலன்ஸ் சாகாமல் போய்விட்டானா, என்ன?

நண்பர் அன்று மேஜைமேல் பார்த்தது வாலன்ஸ் சாகிற இதழ்.