இல்லறக் கணக்கு: கடன் தீர்க்கும் உடன்படிக்கையில் கையெழுத்திடும் முன்

திருவேங்கடமுடையானுக்கு இவ்வூர்த் தெலுங்கு மக்கள் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'வட்டி காசுலவாடு' என்பது. தம் திருமணத்திற்காகக் குபேரனிடம் கடன் கொண்ட பெருமான், அடியார் இடும் காணிக்கையைக் கொண்டு இன்றளவும் வட்டி செலுத்தி வருகிறார் என்பது வழிவழியாக வரும் கதை. கடவுளையே கடனாளியாகக் கண்ட ஊரில் வாழும் நாம், கடன்பட்டதற்காக எவரையும் இகழ்தல் தகாது. ஆனால் கடன் கைம்மீறிய பின்னும் வாய் திறவாது இருத்தல் குடும்பத்திற்குக் கேடு. அதனை முறையாகத் தீர்க்க முன்வருவோர் தம் வீட்டுக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் எவ்வாறு ஒழுங்கு செய்தல் வேண்டும் என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

திருப்பதியில் உணவு விடுதிகளிலும் பூக்கடைகளிலும், சித்தூரில் வெல்ல மண்டியிலும் மாங்கூழ் ஆலைகளிலும் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. இவர்களுள் ஒரு சாராரின் வருவாய் பருவத்தைச் சார்ந்தது. மாம்பழக் காலம் முடிந்தால் கை சுருங்கும். அவ்வேளையில் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கும் பழக்கம் தலையெடுக்கிறது. இப்பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆந்திர மாநிலம் 2010-இல் கண்டது. குழுக்கடன் நிறுவனங்கள் பல ஒரே வீட்டிற்குக் கடன் கொடுத்து, வசூலில் கடுமை காட்டியதால் பெருந்துயர் விளைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. பின்னர் 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி, ஆண்டு வருவாய் 3 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்தும் மாத வருவாயில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. இது நிறுவனங்களுக்கு இட்ட வரம்பு. நாம் நமக்கென்று இட்டுக்கொள்ள வேண்டிய வரம்பு இதனினும் குறைவாகவே இருத்தல் நலம்.

முறையாகக் கடன் தீர்க்கும் வழிகள் மூன்று. முதலாவது, கடன் கொடுத்த வங்கியோடு நேரே பேசித் தவணையைத் திருத்திக்கொள்ளுதல் அல்லது ஒரு தொகைக்கு இசைந்து முடித்தல். இரண்டாவது, மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வழக்குத் தொடுக்கும் முன்னரே கூடக் கடன் தகராற்றை அங்கே கொண்டு செல்லலாம். மூன்றாவது, 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்தல். இதனைத்தான் தமிழர் 'மஞ்சள் கடுதாசி' என்பர், இவ்வூரார் 'ஐ.பி. பெட்டாடு' என்பர். 2016-இல் புதிய நொடிப்புச் சட்டம் வந்தபோதிலும், தனியார் பற்றிய அதன் பகுதி நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றோருக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. நம்மைப் போன்ற எளிய குடும்பங்களுக்குப் பழைய சட்டமே வழி. அதன்கீழும், நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்த பின் கடனாளி ஒரு திட்டத்தை முன்வைக்கலாம். கடன் உரிமையை மெய்ப்பித்து முன்வந்த கடன்காரருள் எண்ணிக்கையில் பெரும்பாலோரும், தொகையில் முக்கால் பங்கினரும் இசைந்து, நீதிமன்றமும் ஏற்றால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். லோக் அதாலத்தில் எட்டப்பெறும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. நாமே இசைந்த தவணையை நாமே தவறவிட்டால், வாதாட இடமின்றி அது நிறைவேற்றத்திற்கு வந்துவிடும். ஆகவே கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு கேட்கிறார்கள்?" என்பதன்று, "எவ்வளவு நம்மால் தவறாமல் கட்ட இயலும்?" என்பதே.

இதற்கு விடை அடுப்பங்கரையில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கொள்வோம். கணவர் விடுதி வேலையில் 18,000 ரூபாயும், மனைவி தையலில் 8,000 ரூபாயும் ஈட்டுகின்றனர், மொத்தம் 26,000. வாடகை 6,000. அரிசி, மளிகை, பால், காய்கறி 7,500. எரிவாயுவும் மின்சாரமும் 1,500. பள்ளிச் செலவும் பேருந்தும் 2,200. மருந்து 800. தொலைபேசி 500. ஆக 18,500 போக மீதம் 7,500. பெரும்பாலோர் இத்தொகையை அப்படியே தவணையாக ஒப்புக்கொண்டு விடுகின்றனர். பிழை அங்கேதான் நேர்கிறது. சூன் மாதப் பள்ளிக் கட்டணம், பொங்கல், சொந்த ஊரில் ஒரு திருமணம் என ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு 12,000 எனக் கொண்டால், மாதத்திற்கு 1,000 ஒதுக்க வேண்டும். காய்ச்சல் தலைவலிக்கும் வேலையில்லா நாளுக்கும் இன்னுமோர் ஆயிரம். ஆக, மெய்யாகக் கட்டக்கூடியது 5,500 ரூபாய்தான்.

இக்குடும்பத்தின் கடன் வங்கியில் 90,000, நிதி நிறுவனத்தில் 54,000, குழுக்கடன் 36,000, கைமாற்று 18,000. மொத்தம் 1,98,000 என்போம். வட்டியை நிறுத்தி அசலை மட்டும் பெற்றுக்கொள்ள எல்லோரும் இசைந்தால், மாதம் 5,500 வீதம் 36 மாதங்களில் கடன் தீரும். கடனின் அளவுக்கேற்பப் பங்கிட்டால் வங்கிக்கு 2,500, நிதி நிறுவனத்திற்கு 1,500, குழுவிற்கு 1,000, கைமாற்றுக்கு 500. இந்த ஒரு தாளை எழுதி எடுத்துச் செல்வோர் பேச்சில் தடுமாறார். மாங்கூழ் ஆலையில் உழைப்போர், பருவத்தில் மிகுதியாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் தவணை அமையுமாறு முதலிலேயே கேட்டு எழுதுவித்தல் வேண்டும்.

அடுத்து, வங்கிக் கணக்கு. கடன் கொடுத்த வங்கியிலேயே சம்பளமும் வந்து விழுந்தால், வராத தவணைக்காக அப்பணத்தை வங்கி ஈடுகட்டிக்கொள்ள இடமுண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவு, தம்மிடம் ஒப்படைத்த பொருளைப் பொதுவான பாக்கிக்காக நிறுத்தி வைக்கும் உரிமையையும் வங்கியர்க்கு அளிக்கிறது. வாடகைப் பணம் முதல் தேதியன்றே மறைந்துபோனால் எந்தத் திட்டமும் நில்லாது. ஆதலின், கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கியில், குறைந்த இருப்புத் தொகை தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கிச் சம்பளத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம். இது வஞ்சகம் அன்று. புதிய கணக்கையும் வருவாயையும் கடன்காரரிடம் மறையாது சொல்ல வேண்டும் என்பதே அறம். நீதிமன்ற மனுவிலோ அது கட்டாயமும் ஆகும்.

பழைய கணக்கைச் சொல்லாமல் கைவிடுதல் மட்டும் கூடாது. கொடுத்து வைத்த காசோலை திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவும், தானே பிடித்தம் செய்யும் ஆணை திரும்பினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆவது பிரிவும் குற்ற வழக்கிற்கு இடம் தரும். உடன்படிக்கை ஏற்படும் போதே, பழைய காசோலைகளைத் திரும்பப் பெறவும் பிடித்த ஆணைகளை நீக்கவும் எழுத்தில் ஒப்புதல் வாங்குக. பின்னர் வீட்டில் மூன்று பிரிவுகளாகப் பணத்தை நடத்துக: வாடகையும் உணவும் ஒன்று, தவணை ஒன்று, ஆண்டுச் செலவு ஒன்று. சம்பளம் வந்த அன்றே பிரித்துவிடுதல் வேண்டும்.

மானத்திற்கு அஞ்சி நம்மவர் செய்யும் செயல்கள் இரண்டு. உறவினரின் கைமாற்றை முதலில் அடைத்துவிட்டுப் பிறரை நிறுத்துவது ஒன்று. மனையை மைத்துனர் பெயருக்கு மாற்றுவது மற்றொன்று. மனுவிற்கு முந்திய மூன்று மாதத்திற்குள் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததும், அம்மனுவிற்கு முந்திய ஈராண்டிற்குள் விலையின்றி மாற்றிய சொத்தும் செல்லாமற் போகும். உறவும் கெடும், நீதிமன்றத்தின் நம்பிக்கையும் கெடும்.

அச்சமும் அளவோடு இருக்கட்டும். வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வலியுறுத்திய விதி. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவின்படி, சமையல் பாத்திரம், படுக்கை, உடை, தொழிலாளியின் கருவிகள், சமய வழக்கப்படி பெண்கள் நீக்கலாகாத அணி ஆகியவற்றை ஜப்தி செய்ய இயலாது; தாலி இதனுள் அடங்கும். கூலியாளின் கூலியும் அவ்வாறே. சம்பளத்தில் முதல் ஆயிரமும், எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் விலக்குப் பெறும். மேற்சொன்ன 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் மிகுந்தால் 5,666 ரூபாயைத்தான் தொடலாம். இதனை அறிந்தவர் மிரட்டலுக்கு அஞ்சித் தம்மால் கட்டவியலாத தவணைக்கு இசையமாட்டார்.

நம் இளந்தலைமுறை தெலுங்கு படிக்கிறது. மூத்தோர் பலர்க்கு அது இயலாது. பொருள் விளங்காத தாளில் கைநாட்டு வையாதீர். படிக்கத் தெரிந்த மகனையோ மகளையோ அருகில் அமர்த்தி வரிவரியாகக் கேட்டறிக. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. சித்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகிக் கேட்கலாம்.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவையில்லாச் சான்று பெறாமல் வெளியேற வேண்டா. குறைந்த தொகைக்கு முடித்துக்கொண்டால் 'சிபில்' முதலிய பதிவேடுகளில் 'செட்டில்ட்' என்ற குறிப்பு ஆண்டுகள் பல நிற்கும்; முழுதும் கட்டினால் 'குளோஸ்ட்' என்று வரும். ஆண்டிற்கு ஒருமுறை அப்பதிவை இலவசமாகப் பெற்றுச் சரிபார்க்கலாம். எந்த முடிவைக் கேட்பது என்பதையும் கையெழுத்திற்கு முன்பே தீர்மானித்தல் வேண்டும்.

இம்மாத இறுதியில் கணவனும் மனைவியும் ஒரு மாலை உடனமர்ந்து, கடன்களை எல்லாம் ஒன்று விடாமல் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பீராக. ஒருவர்க்கொருவர் மறைத்த கடன் ஒன்றேனும் அத்தாளில் ஏறாவிடில், மேலே சொன்ன கணக்கு எதுவும் பயன் தாராது.