பூம்பாறையில் மரங்கள் பூப்பதை யார் அறிவிப்பது?

கொடைக்கானலுக்கு எப்போது போகலாம் என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஏப்ரல், மே. பள்ளி விடுமுறை, பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சி, கோடை விழா எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் வந்து விழுகின்றன. மலைப்பாதை திணறிப் போய், உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது.

இத்தனை கூட்டமும் வந்து சேர்வதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மலையில் மரங்கள் பூத்து முடித்துவிடுகின்றன. அந்தச் செய்தி மட்டும் கீழே வந்து சேர்வதே இல்லை.

கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் மேற்கே, மேல்மலையின் வாசல்போல இருக்கிறது பூம்பாறை. மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை போகிற வண்டியெல்லாம் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். பொங்கல் கழிந்த பிறகு அங்கே போனால் காலை வெயில் ஏறும்வரை பள்ளத்துப் புல்லில் உறைபனி கிடக்கும். அந்தக் குளிரில்தான் பிளம்ஸ் மரம் விழிக்கிறது. பழைய இலையை முழுக்க உதிர்த்துவிட்டு, புது இலை ஒன்றுகூட வராத கறுத்த கிளையில், கணுவுக்குக் கணு இரண்டும் மூன்றுமாகப் பூ. ஐந்தே இதழ், தூய வெள்ளை, நடுவில் தலைமுடிபோல் மெல்லிய மகரந்தத் தாள்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டை மரத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்றே தோன்றும். கிட்டே போனால் தேனீ இரைச்சல் காதை நிறைக்கும். பீச்சஸ் மரம் இளஞ்சிவப்பில் பூக்கும். சோலைக்காட்டு ஓரங்களில் காட்டுப்பூவரசு ரத்தச் சிவப்பாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும். சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டுப் பயிர் பச்சை விரித்திருக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான்.

பிளம்ஸ் இப்படிப் பூப்பதற்குக் காரணம் குளிரேதான். குறிப்பிட்ட அளவு குளிரை வாங்கினால்தான் அதன் மொட்டு உறக்கம் கலைந்து அவிழும். அதனால் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வைத்து வளர்த்தால் அது இப்படிப் பூப்பதில்லை. நம் மலைகளில் பயிராகும் பிளம்ஸைத் தாவரவியலார் ஜப்பானிய பிளம்ஸ் என்றே வகைப்படுத்துகிறார்கள். சீனத்தில் தோன்றி, ஜப்பானில் பல காலம் பேணப்பட்டு, அங்கிருந்து உலகெங்கும் பரவிய இனம் அது. ஜப்பானியர் வசந்தத்தின் முதல் பூவாகக் கொண்டாடும் ‘உமே’ அதற்கு நெருங்கிய உறவு.

அந்த நாட்டில் இதே பிப்ரவரி, மார்ச் மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்பது பூம்பாறைக்காகவே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. செர்ரி பூப்பதற்கு முன்பே அவர்களின் வசந்தப் பயணம் தொடங்கிவிடுகிறது. பிப்ரவரி 3 வாக்கில் வறுத்த சோயாபீன்ஸை வீசித் தீயதை விரட்டும் செத்சுபுன். மறுநாள் நாட்காட்டிப்படி வசந்தப் பிறப்பு, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும் சரி. மார்ச் 1 முதல் 14 வரை நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் இரவுதோறும் பெரிய தீப்பந்தங்களைத் தூக்கி ஓடுகிறார்கள். 752இல் தொடங்கிய அந்த வழிபாடு ஓராண்டுகூட விடுபட்டதில்லை. அது முடிந்தால்தான் குளிர் போகும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. ஆண்டை ஐந்தைந்து நாளாக 72 சிறு பருவங்களாய்ப் பிரித்த நாட்காட்டியும் அவர்களிடம் உண்டு. சீனத்திலிருந்து வந்த அந்த முறையை, 1685இல் ஷிபுகாவா ஷுங்காய் என்ற வானியலாளர் ஜப்பானின் காற்றுக்கும் பறவைக்கும் ஏற்ப மாற்றி அமைத்தார்.

மிதோ நகரின் கைராகுஎன் தோட்டத்தை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். தொகுகாவா நாரியாகி என்ற பிரபு 1842இல் திறந்தது அது. சுமார் 3,000 உமே மரங்கள். பூவை மக்களோடு சேர்ந்து ரசிப்பது ஒரு நோக்கம், காயை உப்பில் ஊறவைத்து அவசரக் காலத்துக்கு உணவாகச் சேமிப்பது இன்னொன்று. பூம்பாறையின் பிளம்ஸும் இப்படித்தான். தையில் கண்ணுக்கு, கோடையில் சந்தைக்கு. பூவைப் பார்ப்பதற்காகத் தனியாக ஒரு பூங்கா அமைக்க வேண்டிய தேவையே அங்கே இல்லை.

ஜப்பானைப் பார்த்து ஏங்கும்போது நாம் தவறான பொருளைக் கேட்டுவிடுகிறோம். செர்ரி மரம் நட வேண்டும், ஜப்பானியப் பூங்கா அமைக்க வேண்டும் என்கிறோம். மரம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது அதைக் கவனித்துக் குறித்து வைத்து ஊருக்குச் சொல்லும் பழக்கம். அங்கே வானிலைத் துறை பல ஊர்களில் ஊருக்கொரு மாதிரி மரத்தை வைத்திருக்கிறது. தோக்கியோவுக்கான செர்ரி மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்ததும் அதிகாரி எண்ணிப் பார்த்து அறிவிப்பார், தொலைக்காட்சிகள் அதை நேரலையாகக் காட்டும். கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்களைப் பழைய நாட்குறிப்புகளிலிருந்து 812ஆம் ஆண்டு வரை பின்னோக்கித் தொகுத்தார் யாசுயுகி ஆவோனோ என்ற ஆய்வாளர். 2021இல் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுதாய்ப் பூத்துவிட்டதும், 1,200 ஆண்டில் இத்தனை முன்கூட்டிப் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான். பூமி சூடேறுவதைப் பாமரனுக்கும் புரிய வைக்க இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

குறித்து வைப்பது கொடைக்கானலுக்கும் புதிதல்ல. அங்குள்ள சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டதும் இந்த மலையில்தான். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனை விடாமல் குறித்து வைத்த ஊரில், பிளம்ஸ் எந்த நாளில் பூத்தது என்று ஊரறிய ஓர் அட்டவணை இல்லை என்பது வருத்தம் தருகிறது.

பூவுக்காகப் பயணம் போகத் தமிழருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2006இலும் 2018இலும் நீலக்குறிஞ்சி பூத்தபோது மக்கள் தேடித் தேடிப் போனார்கள். 2030 எப்போது வரும் என்று இப்போதே கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பூவுக்குக் காட்டும் ஆவலில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரும் பூவுக்கும் தரலாமே. மேகாலயத்தின் ஷில்லாங் 2016 முதல் நவம்பரில் பூக்கும் இமயமலைச் செர்ரிக்குத் திருவிழா எடுத்து வருகிறது. தன் மலைக்கு உரிய மாதம் எதுவென்று பார்த்துத் தேர்ந்துகொண்ட ஊர் அது.

பூம்பாறைக்கு மரம் பூக்கும் மாதத்தில் திருவிழாவும் இருக்கிறது. குழந்தை வேலப்பர் கோயில் பழனிக் கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்தது. மூலவரைப் போகர் செய்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. தைப்பூசத்தை ஒட்டி வரும் தேரோட்டத்தில், மேடும் பள்ளமுமான தெரு என்பதால் தேருக்கு முன்னும் பின்னும் வடம் கட்டுகிறார்கள். முன்னால் இருப்பவர்கள் இழுக்க, பின்னால் இருப்பவர்கள் இறுக்கிப் பிடித்துத் தேரை அடக்குவார்கள். பூத்த மரமும் தேரும் ஒரே பருவத்தில். நாராவுக்குப் போகிறவர் தீப்பந்தத்தையும் உமே பூவையும் ஒன்றாகப் பார்த்துத் திரும்புவதுபோல இங்கும் பார்க்கலாம்.

கூட்டத்தைக் கூப்பிட்டால் ஊர் கெடாதா என்ற கேள்வி நியாயமானது. ஜப்பானிலேயே ஃபுஜிகாவாகுச்சிகோ ஊரில் 2024 மே மாதம், ஒரு கடையின் பின்னால் தெரியும் ஃபுஜி மலையைப் படமெடுக்க வந்தவர்களின் தொல்லை தாங்காமல் இரண்டரை மீட்டர் உயரக் கறுப்புத் திரையை நட்டார்கள். பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பாடுபட்டு உழும் நிலம். வரப்பில் ஏறிப் படமெடுப்பவர் மிதிப்பது பூண்டுப் பயிரை. மாசியில் காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் மலையே எரியும். இன்றைய நிலையும் நன்றாக இல்லை. சாலையோரக் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி, ஊரை மேலிருந்து படமெடுத்துக்கொண்டு, இறங்காமலே திரும்பிவிடுகிறார்கள் பெரும்பாலோர். ஊருக்கு அதில் மிஞ்சுவது குப்பைதான்.

அதனால் அறிவிப்பும் அளவும் ஒன்றாக வர வேண்டும். இ-பாஸ் ஏற்பாடு இருக்கவே இருக்கிறது. பூக்கும் வாரங்களில் பூம்பாறைக்கு இத்தனை வண்டி என்று அதிலேயே வரம்பு வைக்கலாம், மற்றவர்கள் கொடைக்கானலிலிருந்து அரசுப் பேருந்தில் போகட்டும். தோட்டத்துக்குள் போவதென்றால் உள்ளூர் விவசாயியின் துணையோடு, அவருக்கு உரிய கட்டணம் கொடுத்துப் போகட்டும். திரும்பும்போது பூண்டை அவரிடமே வாங்கட்டும்.

மரம் பூப்பதைக் குறிக்கும் வேலையைக் கொடைக்கானலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் முன்னின்று செய்யலாம். கேரளத்தில் ‘சீசன்வாட்ச்’ திட்டத்தின் வழியே பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தை வாரந்தோறும் பார்த்து எழுதுகிறார்கள். மேல்மலைப் பள்ளிப் பிள்ளைகளாலும் அது முடியும். தொடங்கும்போது ஊருக்குள் மூன்று பிளம்ஸ், ஒரு பீச்சஸ், காட்டோரத்தில் ஒரு காட்டுப்பூவரசு இருந்தால் போதும். எந்தத் தோட்டத்து மரம் முதலில் பூக்கும், எந்தச் சரிவில் பனி தாமதமாக விலகும் என்பது பூண்டு நடும் பெரியவர்களுக்கு அத்துப்படி. மரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். அடுத்த மார்கழிக்குள் அதை முடித்துவிடலாம்.