ஆல்ட் விசை யாருக்குச் சொந்தம்?

நெய்வேலி நகரியத்தில் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. பல ஆண்டுகளாகப் புத்தகக் கண்காட்சி கண்ட ஊர் இது. ஆனால் கட்டுரை கேட்டால், சுரங்கப் பணியில் ஓய்வு பெற்ற நண்பர்கள் பலர் கையெழுத்துப் பிரதியைத்தான் நீட்டுகிறார்கள். “கணினியில் தமிழ் திடீரென்று நின்றுவிடுகிறது, அடித்த வரியும் போய்விடுகிறது” என்பது அவர்கள் முறையீடு. இதைச் சோம்பல் என்று ஒதுக்குவோருடன் நமக்கு உடன்பாடில்லை.

1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் அடித்துவிடலாம். ஷிப்ட் விசை பெரும்பாலும் கிரந்த எழுத்துகளுக்கே வேண்டியிருந்தது. பழைய தட்டச்சுப் பொறியில் சுண்டுவிரல் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் எழுத்துக்குள் தீர்ந்த சிக்கல் வாசலில் வந்து நின்றுகொண்டது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற, என்.எச்.எம். ரைட்டர் ஆல்ட் விசையையும் எண் விசையையும் எடுத்துக்கொண்டது: ஆல்ட்+1 தமிழ்99க்கு, ஆல்ட்+2 ஒலிபெயர்ப்பு முறைக்கு. வேர்டு 2007 தன் உச்சியில் அமைத்த சிறு கருவிப்பட்டையும் அதே ஆல்ட்+எண் விசைகளையே ஏற்றது. அதில் முதலாவது சேமிப்பு. இரண்டாவது ‘அன்டூ’, அதாவது செய்ததை நீக்குவது.

ரைட்டர் விழித்திருக்கும்வரை விசையை அதுவே முதலில் பிடித்துக்கொள்ளும். அது இயங்காதபோதோ, ஆல்ட்டை விட்டபின் 2ஐத் தொட்டாலோ, கட்டளை வேர்டுக்குப் போய்ச் சேரும். கடைசியாக எழுதியது மறையும். நிர்வாகி உரிமையுடன் திறந்த செயலிக்குள்ளும் சாதாரணமாக இயங்கும் ரைட்டரின் கை எட்டாது. மறைந்த வரி கண்ட்ரோல்+ஒய் அழுத்தினால் திரும்பும். பதறிப்போய் வேறொன்றை அடித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். இதைத்தான் யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடியே எண்ணைத் தொட வேண்டும். கருவிப்பட்டையில் இரண்டாம் இடத்திலிருந்து அன்டூவை எடுத்துவிடலாம். அதற்குக் கண்ட்ரோல்+இசட் இருக்கவே இருக்கிறது. இதனினும் நல்லது, இன்றைய விண்டோஸ் தன்னுள்ளேயே வைத்திருக்கும் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்வது. விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். ஆல்ட் செயலிக்கே இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் கோபம் தமிழ்த்துறைகள் மீதுதான். எழுத்ததிகாரத்தை ஒரு பருவம் முழுக்க நடத்துகிறோம். அதே எழுத்து திரையில் எப்படி விழுகிறது என்பதற்கு ஒரு வகுப்பும் ஒதுக்குவதில்லை. அதைக் கணினித்துறையின் வேலையென்று தள்ளிவிடுகிறோம். முதுகலை மாணவர் செல்பேசியில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதைப் பார்த்து வருந்தும் ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தமிழ்99இல் ‘கொ’ அடிக்கத் தெரியும்?

மேலே சொன்ன நண்பர்களுக்கு ஒரு மாலை போதும். வட்டத்துக்கு ஒரு மாணவர் போய் உட்கார்ந்தால் பெட்டிகளில் கிடக்கும் சுரங்க நினைவுகள் பல அச்சேறிவிடும்.