ஆங்கிலம் படிப்போம்: 'புட் ஓஃப்' – ஒத்திப்போட்டதா, ரத்தானதா?



சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டைச் சகோதரி ஒருவர் வந்து சொன்ன விடயத்தோடு இம்மாதப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

அவருடைய உம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை. தனியார் வைத்தியசாலை ஒன்றில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது கைத்தொலைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "யுவர் மதர்ஸ் சேர்ஜரி ஹேஸ் பீன் புட் ஓஃப்" என்று அதில் இருந்தது. சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடைந்த மகள் வாசித்துப் பார்த்துவிட்டு, "உம்மும்மாட ஒபரேஷன் ஓஃப் ஆகிட்டாம்" என்றாள்.

ஓஃப் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். லைட்டை ஓஃப் பண்ணினால் வெளிச்சம் இல்லை. மெஷினை ஓஃப் பண்ணினால் ஓட்டம் இல்லை. ஆகவே ஒபரேஷனும் இல்லை என்று வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். "டொக்டர் வேண்டாமென்று விட்டார் போல" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்தார்கள். புதிய திகதியை அறிவித்து வந்த அடுத்த செய்தி, விளம்பரச் செய்திகளுக்குள் திறக்கப்படாமலே கிடந்தது. நான்கு மாதங்களுக்குப் பின் வேறொரு தேவைக்காக அங்கு போனபோதுதான் உண்மை தெரியவந்தது.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. ஆனால் இடையில் வந்த ரமழான் முழுவதும் அந்த உம்மா குர்ஆனைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துத் தெரியாமல் மனனமான சூராக்களையே திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருந்தாராம். மகள் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். இரண்டு சிறிய சொற்கள் செய்த வேலை இது.

'புட்' என்றால் போடு. 'ஓஃப்' என்றால் அப்பால், விலகி. தனித்தனியே பொருள் பார்த்தால் குழப்பம்தான். இரண்டும் சேரும்போது 'ஒத்திப்போடு' என்ற புதுப்பொருள் பிறக்கிறது. இது நமக்குப் புதிதல்ல. 'தள்ளிப்போடு' என்று நாம் சொல்லும்போது எதையும் கையால் தள்ளுவதுமில்லை, கீழே போடுவதுமில்லை. 'கைவிடு', 'விட்டுக்கொடு' என்பவையும் அப்படித்தான். தமிழில் இவற்றை ஒரே சொல்லாகப் பழகியதுபோல ஆங்கிலத்திலும் 'புட் ஓஃப்' என்பதை ஒரே சொல்லாகவே மனதில் பதியுங்கள்.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 'கோல் ஓஃப்'. இதற்குப் பொருள் ரத்துச் செய்தல், அதாவது 'கேன்சல்'. இரண்டிலும் ஓஃப் இருப்பதுதான் தடுமாற்றத்துக்குக் காரணம். புட் ஓஃப் என்றால் இன்று இல்லை, பின்னர் உண்டு. கோல் ஓஃப் என்றால் இல்லவே இல்லை.

நம் மார்க்கச் சட்டத்திலேயே இதற்குத் தெளிவான உதாரணம் இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் பெண்ணுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. சுத்தமான பிறகு விடுபட்ட தொழுகைகளைக் கழாச் செய்ய வேண்டியதில்லை. விடுபட்ட நோன்புகளைக் கட்டாயம் கழாச் செய்ய வேண்டும். ஆகவே அந்நாட்களின் தொழுகை கோல் ஓஃப், நோன்பு புட் ஓஃப். தமக்கு ரமழானில் விடுபட்ட நோன்புகளை அடுத்த ஷஃபானில்தான் நோற்க முடிந்ததாக அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளது. பிற்போட்டார்கள், ஆனால் விட்டுவிடவில்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இரண்டு சொற்களும் இனி மாறாது.

நாட்டு நடப்பிலும் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட்டில் தொடங்க இருந்தது. கொரோனாவினால் ஒத்திப்போடப்பட்டு ஒக்டோபர் 12ஆம் திகதிதான் தொடங்கியது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. இனி இல்லையென்றே பலர் நினைத்தார்கள். ஆனால் அது புட் ஓஃப்தான், கோல் ஓஃப் அல்ல.

இதே பொருளுடைய வேறு சொற்கள்:

போஸ்ட்போன் – கடிதங்களிலும் அறிவித்தல்களிலும் வரும் சொல்.

டிஃபர் – வங்கி, பல்கலைக்கழகக் கடிதங்களில் அதிகம் காணலாம்.

டிலே – தாமதம். மழையால் ரயில் பிந்தினால் டிலே. நாமே தீர்மானித்துத் திகதியை மாற்றினால் புட் ஓஃப்.

எதிர்ச்சொல் 'ப்ரிங் ஃபோர்வர்ட்', அதாவது முற்படுத்துதல். நம் பக்கத்தில் சிலர் 'ப்ரீபோன்' என்றும் சொல்வார்கள். அது இந்தியாவில் பரவலான சொல்.

புட் ஓஃபுக்கு வேறு பொருள்களும் உண்டு.

ஒன்று, மனம் விட்டுப்போகச் செய்தல். "த ஸ்மெல் புட் மீ ஓஃப்" என்றால், அந்த வாடையால் எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

மற்றது, சாக்குச் சொல்லி ஆளைக் கடத்துதல். கடன் வாங்கியவர் 'நாளைக்கு, நாளைக்கு' என்று இழுத்தடித்தால், "ஹீ கீப்ஸ் புட்டிங் மீ ஓஃப்" என்று சொல்லலாம்.

விளக்கை அணைப்பதற்கும் முன்பு புட் ஓஃப் என்பார்கள். இப்போது 'ஸ்விட்ச் ஓஃப்', 'டேர்ன் ஓஃப்' என்பதே வழக்கம்.

இலக்கணத்தில் மூன்று விடயங்கள் போதும். இறந்தகாலத்திலும் 'புட்' மாறாது. 'அதை' என்பதற்குரிய 'இட்' நடுவில் வரும்: 'புட் இட் ஓஃப்' சரி, 'புட் ஓஃப் இட்' பிழை. பின்னால் வினைச்சொல் வந்தால் 'இங்' சேர வேண்டும்: "டோன்ட் புட் ஓஃப் கோயிங் டு த டொக்டர்." வைத்தியரிடம் போவதைப் பிற்போடாதீர்கள்.

"இந்த வயதில் எனக்கு எதற்கு இங்கிலீஷ்?" என்று கேட்கும் ராத்தாமாருக்கு ஒரு வார்த்தை. 1838இல் கண்டியில் பிறந்து, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் படியுங்கள் என்று நம் சமூகத்தை வற்புறுத்தியவர். பெண் பிள்ளைகளின் படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்று மற்றவர்கள் இருந்த காலத்தில், 1891இல் இதே கண்டியில் அவர்களுக்காகப் பாடசாலை திறந்தார். அவர் பிற்போடாததை நாம் பிற்போடலாமா? ஒரு சிட்டை, ஒரு குறுஞ்செய்தி, மருந்துப் போத்தலில் ஒரு வரி. இவற்றை நாமே வாசித்து விளங்கினாலே நம் வீட்டில் ஒருவருடைய கண் காக்கப்படலாம்.

விளங்காத செய்தி வந்தால் வெட்கப்படாமல் திருப்பிக் கேளுங்கள். "புட் ஓஃப் ஓர் கோல்ட் ஓஃப்?" என்ற ஒரு கேள்வி போதும். புட் ஓஃப் என்று பதில் வந்தால் உடனே "டில் வென்?" என்று கேளுங்கள். எது வரைக்கும் என்பது பொருள்.

இம்மாதப் பயிற்சி: நீங்கள் நீண்ட நாளாகப் பிற்போட்டுவரும் மூன்று காரியங்களைப் 'புட் ஓஃப்' சேர்த்து மூன்று வசனங்களாக எழுதுங்கள். கழா நோன்பு, பல் வைத்தியர், சாச்சி வீட்டுப் பயணம், எதுவாகவும் இருக்கலாம். எழுதிய பிறகு அவற்றில் ஒன்றையாவது இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அடுத்த மாதம் 'லுக் ஆஃப்டர்' படிப்போம், இன்ஷா அல்லாஹ்.