ஊகம் வேண்டாம், எண்ணுவோம்!

விஞ்ஞானம் என்றதும் உங்கள் கண்முன் தோன்றுவது எது? ராக்கெட்டும் கம்ப்யூட்டரும்தானே? அந்த வரிசையில் ஒரு கண்ணாடித் தகட்டையும், சிறிது அமிலத்தையும், பொறுமையாக எண்ணும் ஒரு மனிதரையும் நான் சேர்ப்பேன். காரணம் கேளுங்கள்.

தாயின் இரத்தமும் வயிற்றிலுள்ள சிசுவின் இரத்தமும் கலந்துவிடாதபடி நஞ்சுக்கொடி பிரித்து வைக்கிறது. ஆயினும் பிரசவத்தின்போதோ, வயிற்றில் பலமாக அடிபட்டாலோ, சிசுவின் இரத்தம் தாயின் உடலுக்குள் கசியலாம். தாய் ஆர்எச் நெகடிவ், சிசு ஆர்எச் பாசிடிவ் என்றால் அங்கே ஆபத்து தொடங்குகிறது. புதிய அணுக்களை அந்நியமாகக் கருதித் தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து வரும் பாசிடிவ் சிசுவின் சிவப்பணுக்களையோ அந்த எதிர்ப்பொருள் அழிக்கும். இரத்தசோகை, மஞ்சள் காமாலை, சில வேளைகளில் மரணமே நேரும்.

இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968 முதல் பயன்பட்டு வருகிறது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 300 மைக்ரோகிராம் கொண்ட ஓர் ஊசி, கசிந்த இரத்தம் 30 மில்லிலிட்டர் வரை இருந்தால் போதும். அதற்கு மேல் கசிந்திருந்தால்?

இதற்கு 1957-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கிளைஹவர், பிரவுன், பெட்கே ஆகிய மூவரும் ஓர் எளிய வழி கண்டனர். சிசுவின் ஹீமோகுளோபின் பெரியவர்களுடையதைப் போன்றதன்று. அமிலத்துக்கு எளிதில் அசையாது. தாயின் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, பதப்படுத்தி, அமிலக் கரைசலில் நனைத்தால் தாயின் அணுக்களிலிருந்து ஹீமோகுளோபின் வெளியேறிவிடும். பிறகு சாயம் ஏற்றினால் அவை வெறும் நிழலாகத் தெரியும். சிசுவின் அணுக்கள் மட்டும் இளஞ்சிவப்பாக ஒளிரும்.

இனி கணக்குதான். 2000 அணுக்களில் 20 சிவந்திருந்தால் அது 1 சதவீதம். தாயின் இரத்தம் சுமார் 5000 மில்லிலிட்டர் என்று கொண்டால், கசிந்தது 50 மில்லிலிட்டர். ஓர் ஊசி போதாது என்பது இப்போது உங்களுக்கே தெரிகிறதல்லவா?

"பெரும்பாலோருக்குக் கசிவு குறைவுதானே, எல்லோருக்கும் ஓர் ஊசி போட்டால் போகிறது" என்பார் சிலர். கசிவு குறைவு என்பது உண்மையே. ஆனால் அந்தப் பெரும்பாலோரில் சேராத தாய் யார் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எண்ணாமல் விட்டால், அதன் விலையை இன்னும் பிறக்காத ஒரு குழந்தை கொடுக்க நேரிடும்.

இச்சோதனையிலும் குறை உண்டு. எண்ணுபவரின் கண் தவறலாம். தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறுள்ள தாய்க்குத் தன் அணுக்களிலேயே சிசு ஹீமோகுளோபின் மிகுந்து, கணக்கு பிசகலாம். அதனால் அணுக்களை எண்ணித் தரும் கருவிகளும் இன்று வந்துள்ளன. கருவி இல்லாத இடத்தில் கண்ணாடித் தகடு இருக்கிறது. எண்ணாமலிருக்க அது காரணமாகாது.

நண்பர்களே, உங்கள் இரத்தப் பிரிவையும் அதன் ஆர்எச் குறியையும் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்கும் சொல்லுங்கள். நெகடிவ் என்பது நோயன்று. அதை அறியாமலிருப்பதே ஆபத்து. நாளை உங்களில் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து அந்த அணுக்களை எண்ணக்கூடும். அப்போது இரண்டாயிரத்தையும் ஒழுங்காக எண்ணுங்கள்!