காவலனிடம் கணக்குக் கேள்!

தோழா!

உழைத்துக் களைத்தவன் முதுமையிலே ஓய்ந்திருக்கச் சேர்க்கும் பணம், அவன் ஓய்ந்திருக்கப் போகும் உலகத்தையே எரிக்கும் விறகாகலாமா? இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டு சென்றார் ஓர் இளைஞர்.

ஆஸ்திரேலிய நாட்டிலே, தொழிலாளியின் பெயரால் முதலாளி ஒரு பங்கை ஓய்வுக்கால நிதியிலே கட்டியாக வேண்டும் என்பது 1992 முதல் சட்டம். அத்தகைய நிதிகளிலே ஒன்று ‘ரெஸ்ட்’. சில்லறைக் கடைகளிலே காலையிலிருந்து மாலை வரை கால்கடுக்க நிற்போருக்காக எழுந்த நிதி. உறுப்பினர் 15 இலட்சத்துக்கும் மேல். இருப்பு 5,000 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல்! மார்க் மெக்வே அதிலே ஓர் உறுப்பினர். அவர் பணம் அவர் கைக்கு வரும் ஆண்டு எது தெரியுமா? 2055!

“அதுவரை வெள்ளமும் வறட்சியும் காட்டுத்தீயும் என் சேமிப்பை என்ன செய்யும்? அதைக் காக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டார். நிறைவான விடை கிடைக்கவில்லை. 2018இல், 23 வயதிலே, வழக்குத் தொடுத்தார். மலையோடு மோதுகிறானே மடையன் என்று எண்ணியோரும் இருந்திருப்பர். 2020 நவம்பரிலே, விசாரணை தொடங்கவிருந்த வேளையிலே, மலை இறங்கி வந்தது! காலநிலை மாற்றம் உறுப்பினரின் பணத்தை இன்றே நேரடியாகத் தாக்கக்கூடிய ஆபத்து என்று நிதி ஒப்புக்கொண்டது. முதலீடுகளின் கரிவளிக் கணக்கை 2050க்குள் நிகர சுழியத்துக்குக் கொணரும் குறிக்கோளை ஏற்றது. எங்கெங்கே பணம் போட்டிருக்கிறது என்பதை ஊரறிய வெளியிடவும் இசைந்தது. தீர்ப்பு எழுதப்படவில்லை, ஆயினும் திரை விலகிற்று.

“ஆதாயம் தேடுவதே அறங்காவலர் வேலை, உலகைக் காப்பது எங்கள் பொறுப்பன்று” என்று முணுமுணுப்போர் உண்டு. சரி, ஆதாயத்தையே பேசுவோம். நாளை மூடப்படும் நிலக்கரிச் சுரங்கத்திலே இன்று பணத்தைக் கொட்டி, கடல் ஏறிவரும் கரையிலே கட்டடம் வாங்கி, முப்பது ஆண்டு கழித்து முதியவர் கையிலே வெற்றுத்தாளைத் திணிப்பதா ஆதாயம்?

“நிதியிலே அரசியலைப் புகுத்தாதீர்” என்கின்றனர் வேறு சிலர். புகுத்தியது யார்? எண்ணெய்த் தொழிலைப் புறக்கணிக்கும் நிதி நிறுவனங்களிலிருந்து மாநில ஓய்வூதிய நிதிகள் தம் முதலீட்டை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று 2021இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சட்டமன்றம் சட்டம் இயற்றியதே, அது அரசியல் அல்லாமல் ஆன்மிகமா?

பிரிட்டன் வேறு வழி கண்டது. 500 கோடி பவுனும் அதற்கு மேலும் உள்ள ஓய்வூதியத் திட்டங்கள் 2021 அக்டோபர் முதலும், 100 கோடி பவுனைத் தொட்டவை அடுத்த அக்டோபர் முதலும் காலநிலை அறிக்கை வெளியிட வேண்டும் என்று விதித்தது. உலகின் சூடு ஏறினால் இருப்பு என்னாகும் என்று ஆராய வேண்டும். முதலீடுகள் கக்கும் கரிவளியை அளக்க வேண்டும். இலக்கு ஒன்று குறிக்க வேண்டும். எவரும் காசின்றிப் படிக்கும்படி அறிக்கையைத் திறந்து வைக்க வேண்டும்.

நல்ல விதி, வரவேற்போம்! வரவேற்றுவிட்டு உறங்கிவிடாதே. அந்த விதி அறிக்கைதான் கேட்கிறது. பணத்தை இங்கிருந்து எடுத்து அங்கே போடு என்று ஆணையிடவில்லை. நான் நாடகக்காரன், அரிதாரம் எது, முகம் எது என்பதை அறிவேன். அட்டையிலே பசுமரம், ஏட்டிலே இனிய சொற்கள், பெட்டியிலே பழைய கரிப்பங்குகள் என்றிருந்தால், அந்த அறிக்கை அரிதாரமே! ஆண்டுக்கு ஆண்டு அளவு குறைந்ததா, போட்ட பணம் இடம் மாறிற்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு முன்னால்தான் அது கலையும்.

அந்தக் கண் உன் கண்ணாகட்டும், தோழா! உன் ஊதியத்திலும் பிடித்தம் உண்டு. அதுவும் எங்கோ முதலீடாகிறது. சங்கக் கூட்டத்திலே எழுந்து கேள், எழுத்திலே கேள், விடை வரும் வரை கேள். அங்கே தனி ஒருவர் கேட்டதற்கே அத்தனை பெரிய நிதி அசைந்தது. ஆயிரவர் சேர்ந்து கேட்டால்?

சாவி காவலனிடம் இருக்கலாம். பெட்டி உன்னுடையது!